கூறைப்புடவையும் ஒரு புட் ஆஃபும்

‘புட்’ என்றால் வை. ‘ஆஃப்’ என்றால் அப்பால். இரண்டையும் சேர்த்தால் ‘அப்பால் வை’ என்றுதானே வரவேண்டும்? வராது. இங்கிலீஷ்காரன் அப்படியெல்லாம் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவன் இல்லை. தள்ளிப்போடு என்று ஒரு அர்த்தம். விளக்கை அணை என்று ஒரு அர்த்தம். மாட்டியிருக்கும் கோட்டைக் கழற்று என்று இன்னொன்று. வந்த ஆளை ஏதாவது பேசி அனுப்பிவிடு என்பதும் அதுவேதான். இரண்டே இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு இப்படி ஒரு பாஷை ஊரை ஏமாற்றுமா என்று எட்டாம் வகுப்பில் எனக்கு வந்த எரிச்சல் இன்றைக்கும் முழுசாக அடங்கவில்லை. ஆனாலும் நான் படித்த இங்கிலீஷில் மறக்காமல் நிற்பது அது ஒன்றுதான். மறக்கும்படியாகவா எங்கள் வீட்டில் அது குடியிருந்தது!

அறுபதுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் முதலில் தறி, அப்புறம்தான் மனுஷர்கள். அப்பா தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, இழை சுற்றிய நாடாவைக் கரைக்குத் தள்ளுவாள். அப்பாவின் நெசவைத் தடவிப் பார்த்துக் குறை சொன்னவர் எங்கள் ஊரில் கிடையாது. அவர் சொன்ன தேதிக்குப் புடவை வாங்கிக்கொண்டு போனவரும் கிடையாது. “அந்தாளு கையைக் கும்புடலாம், வாயை மொத்தலாம்” என்பாள் எதிர்வீட்டு அக்கா. அவளுடைய புடவையும் எங்கள் வீட்டில் பாக்கி இருந்தது.

சாக்குச் சொல்வதில் அப்பாவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மழை பெய்தால், “பாவு ஈரம் குடிச்சிக்கினு கெடக்குதும்மா, நாடா ஓடமாட்டேங்குது” என்பார். வெயில் அடித்தால், “இழை காஞ்சி பட்டு பட்டுன்னு அறுவுது” என்பார். மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் வானம் சதி செய்தால், ஜரிகை வரவில்லை. ஜரிகை வந்ததை வந்தவர் கண்ணாலேயே பார்த்துவிட்டால், தென்னேரியில் இருக்கிற தன் சித்தப்பாவைச் சாகடித்துவிடுவார்.

அந்தச் சித்தப்பா தென்னேரி ஏரித் தண்ணீரில் நெல் போட்டுக்கொண்டு குண்டுக்கல் மாதிரி இருந்தார். ஒரு பொங்கலுக்குப் புது அரிசி மூட்டையோடு வந்து தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். அப்போது பார்த்துப் புடவை கேட்டு ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளை வந்தார். “யாரு பெரியவரு?” என்று அவர் கேட்க, அம்மா யோசிக்காமல், “எங்க சின்ன மாமனாரு, தென்னேரி” என்றுவிட்டாள். கணக்கப்பிள்ளை எழுந்து நின்று இரண்டு கையும் கூப்பி, “கருமாதிக்கு வர முடியாம போச்சிங்க, தப்பா நெனைக்காதீங்க” என்றார். சித்தப்பாவுக்கு விஷயம் புரிய வெகு நேரம் ஆயிற்று. புரிந்த பிறகு, “எத்தினி தபாடா என்னைச் சாவடிச்ச?” என்று மட்டும் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நாடாவை வேகமாக ஓட்டினார்.

இப்பேர்ப்பட்ட அப்பாவிடம்தான் எங்கள் இங்கிலீஷ் டீச்சர் தன் பெண்ணின் கூறைப்புடவையை ஒப்படைத்தார்.

டீச்சருக்குச் சின்னக் காஞ்சிபுரம். வைஷ்ணவக் குடும்பம். புருஷன் சின்ன வயசிலேயே போய்விட்டார், ஒரே பெண். கையில் எப்போதும் கறுப்புக் குடை இருக்கும். வெயிலுக்குப் பிடித்ததைவிட எங்கள் பெஞ்சைத் தட்டியதுதான் அதிகம். காலேஜுக்கெல்லாம் போனவர் என்று சொல்லிக்கொள்வார்கள். ஆனால் பேருக்குப் பின்னால் பட்டம் எதுவும் கிடையாது, டிரெயினிங் மட்டும் முடித்து வேலைக்கு வந்தவர். போன காலேஜை ஏன் முடிக்கவில்லை என்று கேட்கிற தைரியம் எங்கள் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் இல்லை.

மாப்பிள்ளைக்கு டில்லியில் சர்க்கார் உத்தியோகம். கல்யாணத்தை மாசியில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சு. ஆனால் தேதி மட்டும் வைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மதராஸில் இருந்தார். மூத்த பிள்ளை கல்யாணத்தில் காஞ்சிபுரத்து நெசவாளி ஒருவர் கூறையைக் கொண்டுவராமல் கழுத்தறுத்து, கடைசியில் மணப்பெண் யாருடைய புடவையையோ கட்டிக்கொண்டு மணையில் உட்காரவேண்டியதாகிவிட்டதாம். சூடு பட்ட அந்த அம்மாள் இந்தத் தடவை கறாராகச் சொல்லிவிட்டார். கூறை தறியிலிருந்து நேரே பெருமாள் காலடிக்குப் போகவேண்டும். அப்புறம்தான் தேதி, அப்புறம்தான் பத்திரிகை. கடைப் புடவை கூடாது, பத்துப் பேர் தொட்டிருப்பார்கள். உள்ளூரில் இருக்கிறவள் நீதான், நீயே பார்த்து நெய்து வாங்கு என்று பொறுப்பை டீச்சர் தலையில் கட்டிவிட்டார்.

பொங்கல் கழிந்ததும் டீச்சர் வந்தார். “முதலியாரே, மாசியில கல்யாணம். கூறை வேணும். அவசரம்தான்” என்றார். கொஞ்சம் நின்று, “அவசரம்னா, அதுக்காக நீங்க ஒடம்பைக் கெடுத்துக்க வேண்டாம்” என்றார். அப்பாவுக்குக் கண் கலங்காத குறை. புடவை கேட்டு வந்தவர்களில் அவர் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டது டீச்சர் ஒருவர்தான்.

நடந்தது புரியவேண்டுமானால் தறியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் இழைக்குப் பாவு என்று பேர். ஒரு பாவு போட்டால் எங்களுக்கு மூன்று புடவை. அந்தப் பாவில் முதலாவது டீச்சரின் கூறை, ஒன்பது கஜம், அரக்கு நிறம். பின்னால் வரும் இரண்டும் அதே அரக்கு, அதே கரை, ஜவுளிக்கடைக்கு. நெய்து முடிந்த துணி அப்பாவின் மடிக்கு நேரே கிடக்கும் படமரத்தில் சுருண்டுகொண்டே போகும். வேர்வை படாமல் இருக்க அதன்மேல் பழைய வேட்டியைச் சுற்றி மூடிவிடுவோம். வெளியிலிருந்து வந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் ஒரு சாண் துணிதான். அது முதல் புடவையா மூன்றாவதா என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது. மூன்றும் முடிந்தபிறகு நல்ல நாள் பார்த்து ஒரேயடியாக அறுப்பது எங்கள் வீட்டு வழக்கம். டீச்சருக்காக முதல் புடவையை மட்டும் தனியாக அறுத்துத் தருவதாக அப்பா ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டாரே ஒழிய, தறிப்பக்கம் போகவில்லை. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்களைப் பஸ் ஏற்றி அனுப்புவதற்கே அவருக்கு அவ்வளவு நாள் ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் புட் ஆஃப் வந்தது. டீச்சர் நான்கு அர்த்தத்தையும் கரும்பலகையில் எழுதி, ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். அதுவும் சொந்த வீட்டிலிருந்து. புஸ்தகத்திலிருந்து சொன்னால் குடை பேசும். முதல் பெஞ்சுக்காரி எழுந்து, “ஐ புட் ஆஃப் மை பாத்” என்றாள். “தெரியறது, ஒக்காரு” என்றார் டீச்சர். என் முறை வந்தது.  வீடு என்று யோசித்தால் அப்பாதானே ஞாபகத்துக்கு வருவார்?

“மை ஃபாதர் புட்ஸ் ஆஃப்” என்று சொல்லிவிட்டு உட்காரப் பார்த்தேன்.

“நில்லு. எதைத் தள்ளிப்போடறார்? வெர்ப் அந்தரத்துல நிக்கறதே!”

“யுவர் சாரி, டீச்சர்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தொலைந்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். குடை வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் டீச்சர் முகத்தில் கோபமே இல்லை. பார்க்கப்போனால் நிம்மதி மாதிரி ஏதோ ஒன்று இருந்தது. “க்ராமர் கரெக்ட்” என்று சொல்லிவிட்டு அடுத்தவளை எழுப்பினார்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் என் வாக்கியம் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் தெருப் பெண்கள் பாதிப்பேர் என் வகுப்புதானே? அப்பா குழிக்குள் காலை விட்டபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

“இன்னாமே, டீச்சரு என்னை இங்கிலீஷ்ல திட்டிச்சாமே?”

“திட்டலப்பா. அது வாக்கியம்.”

“யாரு சொன்ன வாக்கியம்?”

“நான்தான்.”

அப்பா குழியிலிருந்து காலை வெளியே எடுத்தார். பிறகு சொன்னார்: “தமிழ்ல நாலு பேரு நாலு விதமா பேசுறாங்க. அது இந்தத் தெருவோட போயிடும். இங்கிலீஷ் அப்படியா? சீமை வரிக்கும் போவுமே!” உண்மையாகவே அவருக்கு மனசு விட்டுப்போயிருந்தது. என் அப்பாவை நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அவள் அடுப்பங்கரைக்குள் போய்ச் சிரித்தாள்.

தெருவுக்குக் கேட்கவேண்டுமா! ஒரே வாரத்தில் அது ‘புட்டாப்பு’ ஆகிவிட்டது. தண்ணீர்க் குழாயடியில், “இன்னாடி, குடத்தை வெச்சிட்டு புட்டாப்பு குடுக்குற?” என்று கேட்டார்கள். தமிழில் இதற்கு வார்த்தை இல்லாமலா? நாள் கடத்துவது, இழுத்தடிப்பது, டபாய்ப்பது, அல்வா கொடுப்பது என்று எத்தனை இருக்கிறது! அத்தனையையும் விட்டுவிட்டு எங்கள் அப்பாவுக்கென்று சீமையிலிருந்து ஒன்றை இறக்குமதி செய்துகொண்டார்கள்.

அப்பா கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார். தை முடிவதற்குள் கூறையை அறுத்துக் கொடுத்துவிட்டு, அந்த டீச்சர் வாயாலேயே வேறு வாக்கியம் சொல்லவைப்பேன் என்றார். அப்புறம் எங்கள் வீட்டில் நடந்தது நெசவில்லை, போர். விடிந்ததும் குழிக்குள் இறங்கியவர் விளக்கு வைக்கும்வரை ஏறமாட்டார். சோறு தறிக்கே வந்தது. அம்மாவின் முதுகு ஒடிந்தது. “மனுசனுக்குப் பேய் புடிச்சிருக்குது, வேப்பிலை அடிக்கணும்” என்று அவள் புலம்பினாள். தென்னேரிச் சித்தப்பாவுக்கு நிஜமாகவே காய்ச்சல் என்று ஆள் வந்தது. அப்பா நாடாவை நிறுத்தாமல், “இங்க இட்டாந்து வுடுங்க, வேலை இருக்குது” என்றார். சித்தப்பாவைக் கொண்டுவந்து எங்கள் உள்ளறையில் படுக்கவைத்தார்கள்.

தை முடியச் சில நாள் இருக்கும்போது டீச்சர் வந்தார். அப்பா பெருமை தாங்காமல், “பாருங்க டீச்சரம்மா, முந்தாணிக்கு வந்தாச்சு! வர்ற வெள்ளிக்கிழமை அறுத்துடறேன்” என்றார்.

டீச்சர் முகம் விழுந்துபோயிற்று. “முந்தாணியா? அதுக்குள்ளேயா?” என்றார். பிறகு, “நன்னாயிருக்கு” என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார். குடையைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு வந்ததே கோபம்! “சொன்ன டைம்ல முடிச்சா ஒரு வார்த்தை மெச்சக்கூடாதா? இதுக்குத்தான் நான் யாருக்கும் முடிக்கிறதில்லை” என்றார்.

மறுநாள் காலையில் குடையை வாங்கிக்கொள்ள டீச்சரின் பெண் வந்தார். பி.எஸ்ஸி. கணக்கு, கடைசி வருஷம். குடையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றார். அம்மா மோர் கொடுத்தாள். குடித்தார். அப்புறமும் நின்றார்.

“கூறை முடிஞ்சுடுத்தா?” என்று கேட்டார்.

“ராவெல்லாம் குந்தி காலையிலதான் முந்தாணியை முடிச்சேன், தாயி. அறுக்க வேண்டியதுதான்” என்றார் அப்பா.

அந்தப் பெண் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். அம்மா பதறிப்போய் மாப்பிள்ளை பிடிக்கவில்லையா என்று கேட்டாள். அதெல்லாம் இல்லை, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது. பரீட்சை பங்குனிக் கடைசியில். மாசியில் கல்யாணம் நடந்தால் கையோடு டில்லிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மூன்று வருஷம் பஸ்ஸில் போய்வந்து படித்தது அவ்வளவுதான். பரீட்சைக்காகக் கல்யாணத்தைத் தள்ளிவையுங்கள் என்று வாய் திறந்து கேட்டால் இடமே கைவிட்டுப் போய்விடும். மாசி மட்டும் தாண்டிவிட்டால் போதும். பங்குனியில் அவர்கள் வீட்டில் கல்யாணம் செய்வதில்லை.

“நெசவுக்காரர் லேட் பண்ணினா யாரும் யாரையும் கோச்சுக்க மாட்டா. உலகத்துல நடக்கறதுதான். அதுவும் நீங்கன்னா…” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

“சொல்லுமா, பரவாயில்லை” என்றார் அப்பா.

“அம்மாவுக்கு மட்டும் தெரியப்படாது.”

அப்பா படமரத்தையும் அந்தப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். “யம்மா, நான் பொறந்ததுலேர்ந்து ஒரே ஒரு தபாதான் சொன்ன நாளுக்கு முடிச்சிருக்கிறேன். அது இதும்மா” என்றார். குரல் அழுவது போலத்தான் இருந்தது. அந்த வெள்ளிக்கிழமைக்காகத் தெருவையே கூப்பிட்டு வைத்திருந்தார் மனுஷர்.

அம்மாதான் முடிவு பண்ணினாள். “இதுல யோசிக்கிறதுக்கு இன்னா இருக்குது? எல்லாருக்கும் பண்ணதை இந்தப் பொண்ணுக்கும் பண்ணு” என்றாள்.

முதல் புடவையை அறுக்காமல், அதைப் படமரத்திலேயே சுருட்டி, பழைய வேட்டியைச் சுற்றிவிட்டு, இரண்டாவதை ஆரம்பித்தோம். அதே அரக்கு, அதே கரை. டீச்சர் அடிக்கடி வந்து பார்த்தார். அதே ஒரு சாண் துணி. “புடவை உடம்புல ஒரு தப்பு விழுந்துடுச்சும்மா, முந்தாணியோட பிரிச்சிட்டு அங்கேர்ந்து திரும்பப் போட்டுக்கினு இருக்கிறேன்” என்று அப்பா ஆரம்பித்து வைத்தார். பிறகு மழை வந்தது. வெயில் வந்தது. ஜரிகை கறுத்தது. தன் பழைய தொழிலுக்குத் திரும்பியதில் அவர் முகத்தில் களை கூடிவிட்டது. ஆனால் ஒரு சங்கடம் இருந்தது. ரொம்பவும் நெய்துவிட்டால் மூன்று புடவையும் முடிந்து பாவு தீர்ந்துபோகும். பாவு தீர்ந்தால் அறுத்தே ஆகவேண்டும். ஆகவே அவசரமும் காட்டவேண்டும், வேலையும் நகரக்கூடாது. இது இங்கிலீஷிலேயே இல்லாத ஐந்தாவது புட் ஆஃப்.

இரண்டாவது புடவையின் முந்தாணி தறியில் இருந்த நேரத்தில் டீச்சர் திடீரென்று வாசலில் வந்து நின்றார். மறுபடியும் முந்தாணியைப் பார்த்தால் புடவை முடிந்தது என்று தெரிந்துவிடுமே! அம்மா கொடியில் கிடந்த தன் புடவையை உருவித் தறிமேல் வீசினாள்.

“என்னத்துக்கு மூடியிருக்கேள்?” என்றார் டீச்சர்.

“கண்ணு பட்டுடுச்சும்மா. எதிர்வீட்டுக்காரி வந்து பாத்துட்டுப் போனா, அத்தோட இழை இழையா அறுந்துபோச்சு.”

டீச்சர் குனிந்தார். அம்மாவின் புடவைக்குக் கீழே படமரம் தெரிந்தது. அதன்மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். “கண் பட்டா லேசுல போகாது. நன்னா மூடியே வையுங்கோ. பத்து நாள் ஆனாலும் பாதகமில்லே” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “இங்கிலீஷ் படிச்சி இன்னா பிரயோசனம்? இது கூடத் தெரியலை பாரு” என்றார். எனக்குக்கூட டீச்சர்மேல் பாவமாக இருந்தது.

மாசி பாதிக்குமேல் போனபிறகு மதராஸிலிருந்து சம்பந்தி அம்மாள் வந்துவிட்டார். முன்கூட்டிச் சொல்லவில்லை. மூக்கில் வைரம், கண்ணில் தங்க ஃபிரேம் கண்ணாடி. எங்கள் வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். பின்னாலேயே டீச்சர், முகத்தில் ஈயாடாமல்.

“ஏன் ஆகலை?” என்றார் அந்த அம்மாள். மழை, வெயில் எதுவும் அவரிடம் செல்லாது என்று அப்பாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. பெரிய ஆயுதத்தையே எடுத்தார்.

“எங்க சித்தப்பா தவறிட்டாரும்மா. தென்னேரியில. தீட்டு. அத்தொட்டுதான்…”

உள்ளறையிலிருந்து சித்தப்பா இருமினார். காய்ச்சல் விட்டும் இருமல் விடவில்லை அவருக்கு.

“யார் இருமறா?”

“அது வேற சித்தப்பா” என்றாள் அம்மா.

சம்பந்தி அம்மாள் நம்பினாரா என்று தெரியவில்லை. குனிந்து தறியைப் பார்த்தார். ஒரு சாண் துணியைத் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படமரத்தைப் பார்த்தார். முதல் புடவை முழுசு, இரண்டாவது முழுசு, மூன்றாவதில் கொஞ்சம். நிறைமாதக்காரி வயிறு மாதிரி அது வேட்டித்துணிக்குள் உப்பிக்கொண்டிருந்தது.

“இது என்ன இத்தனை மொத்தமா சுருட்டியிருக்கு? ஒரு புடவை இத்தனை வருமா?”

அப்பா வாயைத் திறந்தார். எத்தனை பேரை டபாய்த்த வாய்! அதிலிருந்து காற்றுதான் வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். துணியை விலக்கிப் பார்க்கச் சொன்னால் எல்லாம் போயிற்று. புடவை வெளியே வரும், மாசியில் தேதி வைப்பார்கள், அந்தப் பெண்ணின் பரீட்சை போய்விடும். மறைத்தது தெரிந்தால் கல்யாணமே போய்விடும்.

“அதெல்லாம் அடியில பழைய துணி, மாமி” என்று ஒரு குரல் கேட்டது.

டீச்சர்.

“பட்டு நேரா மரத்துல பட்டா தழும்பு விழுந்துடும். அதுக்காகப் பழைய வேஷ்டியெல்லாம் திணிச்சுச் சுத்தி வெப்பா. இந்த ஊர்ல பொறந்து வளந்தவ, எனக்குத் தெரியாதா? பிரிச்சா இன்னும் ஒரு மாசம் ஆகும். இவாள்ளாம் இப்படித்தான் மாமி, தள்ளிப்போட்டுண்டே இருப்பா. நானும் நாய் மாதிரி அலையறேன்!”

சொல்லிக்கொண்டே குடையால் தறியின் காலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அப்பா நிஜமாகவே நடுங்கிப்போனார்.

சம்பந்தி அம்மாள் பெருமூச்சு விட்டார். “காஞ்சிபுரத்துக்காரா புத்தி மாறவே மாறாது. மாசி போச்சு. பங்குனில எங்காத்துல வழக்கமில்லே. இனிமே வைகாசிதான்” என்றார்.

“பெருமாள் சித்தம்” என்றார் டீச்சர். துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி இருந்தது குரல்.

அவர்கள் தெருமுனை தாண்டும்வரை அம்மா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா உள்ளேயிருந்து, “நான் செத்தது போதுமா, கஞ்சி கெடைக்குமா?” என்று கேட்டார்.

பங்குனிக் கடைசியில் டீச்சரின் பெண் பரீட்சை எழுதினார். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி எங்கள் தெரு வழியாகப் போனார். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அம்மா உள்ளே வந்து, “இனிமே நெய்யி” என்றாள். மூன்றாவது புடவை சித்திரையில் முடிந்தது.

அறுக்கிற அன்றைக்கு டீச்சர் தாம்பாளத்தோடு வந்தார். அப்பா கற்பூரம் ஏற்றுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டார். மனுஷருக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

“டீச்சரம்மா, ஒண்ணு சொல்லணும். உங்க புடவை தையிலயே முடிஞ்சிடுச்சு.”

“தெரியும். முந்தாணின்னு காட்டினேளே, அன்னிக்குக் குடையைக்கூட மறந்துட்டு ஓடினேன். பாவி மனுஷன், சொன்ன நாளுக்கு முடிச்சுத் தொலைக்கறாரேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்லே. மறுநாள் கொழந்தையைக் குடைக்குன்னு அனுப்பிச்சதே நான்தான். அம்மாவுக்குத் தெரியப்படாதுன்னு சொல்லச் சொன்னதும் நான்தான்.”

அப்பா வாயைப் பிளந்தார்.

“ஊர்ல இத்தனை தறி இருக்கே. நான் என்னத்துக்கு இந்த ஆத்தைத் தேடிண்டு வந்தேன்னு நெனச்சேள்?”

“என் கை நெசவுக்குன்னு…”

“கையும்தான். முக்கியமா வாய்” என்றார் டீச்சர். பிறகு என் பக்கம் திரும்பினார். “நன்னா போயிண்டிருந்தது. இவ ஒரு வாக்கியம் சொல்லி எல்லாத்தையும் கெடுத்தா!”

அம்மா சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்: “சம்பந்திகிட்ட நீங்களே எடுத்துச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னேன். டில்லியில போய் இவ கணக்கா போடப்போறா, கொழம்புதானே வெக்கப்போறான்னா. அதுக்கு மேல பேசினா இடம் போயிடும். தகப்பன் இல்லாத பொண்ணு.”

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. “நீங்க ஏன் டீச்சர் காலேஜ் முடிக்கலை?” என்று கேட்டுவிட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

டீச்சர் கோபிக்கவில்லை. தறியில் இருந்த துணியைத் தடவிக்கொண்டே சொன்னார். “எனக்கும் பரீட்சைக்கு முன்னாடிதான் கல்யாணம் வெச்சா. கூறை வரலேன்னா தள்ளிப்போகுமேன்னு வாசலையே பார்த்துண்டிருந்தேன். எனக்குக் கூறை நெய்தவர் ரொம்ப ஒழுங்கானவர். சொன்ன நாளைக்குக் கொண்டுவந்து குடுத்துட்டார்.”

 அப்பா கற்பூரம் ஏற்றினார். மூன்று புடவையையும் அறுத்து, கூறையைத் தனியே மடித்து, டீச்சரின் தாம்பாளத்தில் வைத்துக் கும்பிட்டார்.

அதற்கப்புறம் அப்பா தன் ஆயுசில் ஒரு புடவையைக்கூடச் சொன்ன நாளைக்குக் கொடுத்ததில்லை. கல்யாணப் புடவை என்று யார் வந்து நின்றாலும் கலரைக் கேட்கமாட்டார், கரையைக் கேட்கமாட்டார். “பொண்ணு படிச்சிக்கினு இருக்குதா?” என்றுதான் முதலில் கேட்பார்.